புறக்கணித்தும் கத்தல் கூடுகிறதே, ஏன்?

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் உள்ளவன். எட்டு மாதமாக ஏபிஏ என்ற நடத்தைப் பயிற்சித் தெரபிக்குப் போகிறான். சின்னச் சின்ன வாக்கியங்கள் பேசுவான். எழுத உட்காரவைத்தால் பென்சிலைத் தூக்கி எறிந்துவிட்டுக் கத்துகிறான். "கண்டுகொள்ளாதீர்கள், எக்ஸ்டிங்ஷன் செய்யுங்கள், முதலில் கொஞ்சம் கூடும், பிறகு குறைந்துவிடும்" என்றார்கள். இரண்டு வாரமாக அவன் கத்தத் தொடங்கியதும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன். குறையவில்லை. இப்போது நோட்டைப் பார்த்தாலே கத்துகிறான். இந்த மாத ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் மூலம் நடத்தை நீடிக்கிறது' என்று எழுதியிருக்கிறார்கள். நாங்கள் அவனை அடிப்பதும் இல்லை, திட்டுவதும் இல்லையே! மேண்ட், ப்ராம்ப்ட் ஃபேடிங், டிஆர்ஏ என்று இன்னும் பல சொற்கள். அடுத்த மூன்று மாத இலக்குகளில் 'கை உதறுவதைக் குறைத்தல்' என்றும் ஒரு வரி இருக்கிறது. இதையெல்லாம் புரியும்படி சொல்ல முடியுமா? புறக்கணிப்பதைத் தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம். ரிப்போர்ட்டில் உள்ள வரி சரியாகவே இருக்கும் என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. அது சரியென்றால், நீங்கள் அறையை விட்டுப் போவது அவனுடைய கத்தலுக்குத் தினமும் கூலி கொடுப்பதாக ஆகிவிடுகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. 'கண்டுகொள்ளாதீர்கள்' என்று பாதியை மட்டும் சொல்லி அனுப்பியதால் வந்த வினை இது.

ஏபிஏ எந்த நடத்தையையும் மூன்று பகுதியாகப் பார்க்கிறது: முன்னால் நடந்தது, நடத்தை, பின்னால் நடந்தது. 'ஏபிசி' என்று ரிப்போர்ட்களில் வருவது இதுதான், இந்த மூன்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள். உங்கள் கடிதத்தையே இப்படிப் பிரித்துப் பாருங்கள். முன்னால்: நோட்டும் பென்சிலும் மேசைக்கு வந்தன, "எழுது" என்றீர்கள். நடத்தை: பென்சில் பறந்தது, கத்தினான். பின்னால்: நீங்கள் எழுந்து போனீர்கள், எழுத்து வேலை நின்றது. உங்கள் பக்கமிருந்து பார்த்தால் நீங்கள் கவனத்தை விலக்கிக்கொண்டீர்கள். அவன் பக்கமிருந்து பார்த்தால் பிடிக்காத வேலை விலகியது. அடுத்த தடவை நோட்டு வரும்போது எது அவனுக்குப் பலன் தந்ததோ அதையே செய்கிறான். கத்தினால் வேலை தள்ளிப்போகும் என்று கண்டுகொண்ட பிறகு, நோட்டைப் பார்த்ததுமே தொடங்குகிறான்.

ஒரு நடத்தைக்குப் பின் ஏதோ நடக்கிறது, அதனால் அந்த நடத்தை வருங்காலத்தில் கூடுகிறது என்றால் அது ரீஇன்ஃபோர்ஸ்மென்ட், அதாவது வலுவூட்டல். அந்த 'ஏதோ' புதிதாக வந்து சேர்ந்திருந்தால் பாசிட்டிவ், இருந்தது விலகியிருந்தால் நெகட்டிவ். கூட்டல், கழித்தல் குறிகள், அவ்வளவுதான். நல்லது, கெட்டது என்ற பொருள் இங்கே கிடையாது. நடத்தை குறைந்தால் மட்டுமே அதற்குத் தண்டனை என்று பெயர். அதிலும் இதேபோல் இரண்டு வகை உண்டு. ஆக, ரிப்போர்ட் உங்களைக் கண்டிக்கவில்லை. வேலையிலிருந்து தப்பிக்க முடிவதால் கத்தல் நிலைக்கிறது என்று மட்டுமே சொல்கிறது.

இந்த வரையறையில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. எது வலுவூட்டல் என்பதைக் கொடுப்பவர் தீர்மானிக்க முடியாது. பின்னால் நடத்தை என்ன ஆனது என்பதே தீர்மானிக்கும். ஸ்டிக்கர் கொடுத்தும் எழுதுவது கூடவில்லையென்றால், அந்தக் குழந்தைக்கு அந்தச் சமயத்தில் ஸ்டிக்கர் வலுவூட்டி ஆகாது. திட்டியும் கத்தல் கூடுகிறதென்றால், திட்டு அங்கே வலுவூட்டியாக வேலை செய்கிறது. 'டைம்-அவுட்' என்று மூலையில் உட்காரவைப்பதும் இப்படித்தான். விளையாட்டின் நடுவே செய்தால் அது தண்டனையாக இருக்கலாம்; எழுத்து வேலையின் நடுவே செய்தால் குழந்தைக்கு விடுமுறை. உங்கள் மகனிடம் யாராவது டைம்-அவுட் முயலச் சொன்னால் இந்தக் காரணத்தைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

இனி எக்ஸ்டிங்ஷன். இதுவரை ஒரு நடத்தையைத் தாங்கிவந்த பலன் எதுவோ, அதே பலனை நிறுத்துவதற்குப் பெயர் எக்ஸ்டிங்ஷன். எந்தப் பலன் என்று தெரியாமல் எதை நிறுத்துவது? அதனால்தான் முதலில் நடத்தையின் நோக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பொதுவாக நான்கு நோக்கங்களைப் பார்ப்பார்கள்: பிறர் கவனம், விரும்பிய பொருள் அல்லது செயல், வேண்டாததிலிருந்து தப்புதல், யார் தலையீடும் இல்லாமல் உடலுக்கே கிடைக்கும் உணர்வு. கவனத்துக்காகக் கத்தும் குழந்தையிடம் கண்டுகொள்ளாமல் இருப்பது எக்ஸ்டிங்ஷன். செல்போனுக்காகக் கத்தினால் செல்போனைக் கொடுக்காமல் இருப்பதே எக்ஸ்டிங்ஷன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. தப்பிக்கக் கத்தினால் வேலை விலகாமல் இருப்பது எக்ஸ்டிங்ஷன். உடலுணர்வுக்காகச் செய்வதை நீங்கள் புறக்கணித்தாலும் ஒன்றும் ஆகாது, அந்தப் பலன் உங்கள் கையிலேயே இல்லை.

நோக்கத்தைச் சோதித்தே கண்டறியும் முறையைப் பிரையன் இவாட்டாவும் சகாக்களும் 1982-இல் வெளியிட்டார்கள். தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்ட 9 பேரை 15 நிமிட அமர்வுகளில் வெவ்வேறு சூழல்களில் வைத்துப் பார்த்தார்கள்: கடினமான வேலை கொடுக்கும் சூழல், காயப்படுத்தும்போது மட்டும் கவனம் கிடைக்கும் சூழல், தனிமை, ஒப்பிட ஒரு விளையாட்டுச் சூழல். ஒரே மாதிரித் தெரிந்த நடத்தை ஆளுக்கு ஆள் வேறு சூழலில் உயர்ந்தது. இதைப் பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டும், வீட்டில் வேண்டாம். ஆனால் உங்கள் தெரபிஸ்ட் எந்த அடிப்படையில் 'தப்பித்தல்' என்ற முடிவுக்கு வந்தார், பேட்டியா, நேரில் பார்த்துப் பதிவு செய்தாரா, சோதனையா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்.

"முதலில் கூடும்" என்று சொன்னார்களே, அதற்கு எக்ஸ்டிங்ஷன் பர்ஸ்ட் என்று பெயர். வழக்கமான பலன் திடீரென்று நின்றால் நடத்தை சில நேரம் அடர்த்தியாக, உரக்க, புதிய வடிவங்களில் வரும்; எறிதல், அடித்தல்கூடச் சேரலாம். இது எல்லோருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. மாற்று வழி ஒன்றைக் கற்றுக்கொடுத்தபடி செய்தால் வருவது இன்னும் அரிது. முக்கியமாக, பர்ஸ்ட் என்பது சீக்கிரம் தணிவது. இரண்டு வாரமாக ஏறுமுகமாகவே போவதற்கு அந்தப் பெயரைச் சூட்டிக் காத்திருக்கக் கூடாது. எங்கோ பலன் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். இன்னொரு ஆபத்தும் உண்டு. பத்து நிமிடம் தாங்கிவிட்டு, கத்தல் உச்சத்துக்குப் போனதும் விட்டுக்கொடுத்தால், 'இவ்வளவு உரக்க, இவ்வளவு நேரம் கத்தினால்தான் கிடைக்கும்' என்று கற்றுக்கொடுத்தவர்கள் ஆகிறோம். எப்போதாவது ஒரு முறை கிடைக்கும் பலன், எப்போதும் கிடைக்கும் பலனைவிட நடத்தையைக் கெட்டியாகப் பிடித்துவைக்கும்.

அப்படியானால் வேலையை விலக்காமல் அவனைப் பிடித்து உட்காரவைக்கலாமா? வேண்டாம். ஆறு வயதுக் குழந்தையை வலுக்கட்டாயமாக மேசையில் நிறுத்தினால் காயம் படலாம், அவன் அழுது களைக்கலாம், எழுத்தின்மீதும் உங்கள்மீதும் வெறுப்பு கூடலாம். இதைவிட நல்ல வழி இருக்கிறது. தப்பிக்க நினைப்பதில் தப்பில்லை. தப்பிப்பதற்கு நாகரிகமான ஒரு வழியைக் கையில் கொடுத்துவிட்டு, தப்பிக்க வேண்டிய தேவையையும் குறைப்போம்.

புறக்கணிப்பதை நிறுத்துவதற்கு முன், மூன்று முதல் ஐந்து நாள் இப்போது செய்வதை மாற்றாமல் அளந்து பாருங்கள். இதுதான் 'பேஸ்லைன்'. என்ன, 'கத்தியபடி இன்னும் ஐந்து நாளா' என்று தோன்றும். அமர்வின் நீளத்தை மட்டும் ஐந்து நிமிடமாகச் சுருக்கிக்கொண்டு செய்யுங்கள். அளக்க வேண்டியது எது என்பதை யார் பார்த்தாலும் ஒரே மாதிரி எண்ணும்படி எழுதி வையுங்கள். 'அடம்பிடித்தான்' என்பது எண்ண உதவாது. 'அடுத்த அறையில் கேட்கும் அளவுக்கு 3 விநாடிக்கு மேல் குரல் எழுப்புதல். 10 விநாடி அமைதிக்குப் பிறகு மீண்டும் தொடங்கினால் புதியதாக எண்ணுதல்' என்பது உதவும். எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டால் ஏமாறுவோம்: 10 நிமிடத்தில் 4 முறை என்பது மணிக்கு 24, 30 நிமிடத்தில் 6 முறை என்பது மணிக்கு 12. நேரத்தால் வகுத்துப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் இன்னொரு அளவு இதைவிடப் பயன்படும்: நோட்டு மேசைக்கு வந்த நொடியிலிருந்து முதல் கத்தல் வரை எத்தனை விநாடி. இதை லேட்டன்சி என்பார்கள். திட்டம் வேலை செய்யத் தொடங்கினால், கத்தல் நிற்பதற்கு முன்பே இந்த எண் நீளும்.

ஒரு நாளாவது வீட்டில் இன்னொருவரும் தனியாக எண்ணட்டும். சிறிய எண்ணைப் பெரிய எண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். நீங்கள் 10, அவர் 8 என்றால் 80 சதவீதம். வழக்கமாக ஏற்கப்படும் கீழ் எல்லை அதுதான். அதற்கும் கீழே போனால் குழந்தையைச் சந்தேகிக்க வேண்டாம், உங்கள் வரையறையைத் திருத்துங்கள். ஏபிசி தாளில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். 'கோபம் வந்தது' என்பது உங்கள் ஊகம். 'மூன்றாவது எழுத்தை அழித்துத் திரும்ப எழுதச் சொன்னதும் பென்சிலை எறிந்தான்' என்பது தகவல். இப்படிப் பத்துப் பதிவுகள் சேர்ந்தால் பொதுவாக ஒரு வடிவம் தெரியும். எழுதுவது முழுவதுமே பிரச்சினையா, அழித்து எழுதச் சொல்வது மட்டுமா, குறிப்பிட்ட எழுத்துகளா?

அளக்கும் இந்த நாட்களிலேயே ஒரு மருத்துவப் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கக் குறைவு, பார்வைக் குறைபாடு, எதுவும் கத்தலாக வெளிப்படலாம். பென்சிலைப் பிடிப்பதே அவன் விரல்களுக்குக் கடினமாக இருக்கிறதா என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் பார்க்கட்டும். செய்யவே முடியாத வேலையிலிருந்து குழந்தை தப்பிக்கப் பார்த்தால், எந்தப் பரிசும் அதைச் சரிசெய்யாது. வேலையைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்து, 'முன்னால்' பகுதியை மாற்றுவது. இதற்குத்தான் குறைந்த உழைப்பில் அதிகப் பலன் உண்டு, ஆனால் வீடுகளில் இதைத்தான் கடைசியாகச் செய்கிறார்கள். ஒரு பக்கம் என்பதை இரண்டு எழுத்தாகக் குறையுங்கள். அவனுக்கு எளிதாக வரும் மூன்று சின்ன வேலைகளுக்கு நடுவே ஒரு கடினமான வேலையை வையுங்கள். பென்சிலா, க்ரேயானா, எந்த எழுத்து முதலில் என்று அவனே தேர்ந்தெடுக்கட்டும். எத்தனை பாக்கி என்று தெரியும்படி கட்டங்கள் வரைந்து ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள். முடிவு தெரியாத வேலைதான் அதிகம் அலுக்கும். பசியோடும் தூக்கத்தோடும் இருக்கும் வேளையைத் தவிருங்கள். அத்தகைய வேளைகளில் தப்பித்தலின் மதிப்பு அவனுக்குக் கூடிவிடுகிறது. ஒரு பலனின் மதிப்பைத் தற்காலிகமாக ஏற்றியோ இறக்கியோ விடும் நிலைமைகளுக்கு மோட்டிவேட்டிங் ஆபரேஷன் என்று பெயர். ரிப்போர்ட்டில் 'எம்ஓ' என்று சுருக்கி எழுதுவார்கள்.

இனி மாற்று வழி. 1985-இல் எட்வர்ட் காரும் மார்க் டுரண்டும் காட்டியது இது: பிரச்சினை நடத்தை எந்தப் பலனைத் தருகிறதோ அதே பலனைத் தரும் ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தால் பிரச்சினை நடத்தை குறைகிறது. பொருந்தாத சொல்லைக் கற்றுக்கொடுத்தால் குறைவதில்லை. ஃபங்ஷனல் கம்யூனிகேஷன் டிரெயினிங், சுருக்கமாக எஃப்சிடி, என்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள டிஆர்ஏ என்பது இதைவிடப் பெரிய குடை: ஏற்கத்தக்க ஒரு மாற்று நடத்தைக்கு மட்டும் பலனைக் கொடுத்து, பழையதற்குக் கொடுக்காமல் இருப்பது.

உங்கள் மகன் பேசுகிறான், ஆனால் கலங்கும்போது பேச்சு வராமல் போகலாம். எனவே "இடைவேளை வேணும்" என்ற சொல்லோடு உள்ளங்கை அளவு அட்டை ஒன்றும் மேசையில் அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். நோட்டை வையுங்கள். பேஸ்லைனில் முதல் கத்தல் சராசரியாக 8 விநாடியில் வந்தது என்றால், நீங்கள் 2 அல்லது 3 விநாடிக்குள் அட்டையைச் சுட்டிக்காட்டி "இடைவேளை வேணும்" என்று சொல்லிக் காட்டுங்கள். அட்டையைத் தொட்டாலோ, கொடுத்தாலோ, சொன்னாலோ உடனே, அதே நொடியில், நோட்டை எடுத்துவிடுங்கள். டைமரில் ஒரு நிமிடம் அல்லது இரண்டு நிமிடம். மணி அடித்ததும் நோட்டு திரும்ப வரும். ஐந்து நிமிட அமர்வு, நாளுக்கு இரண்டு மூன்று முறை போதும். ஆரம்ப நாட்களில் அவன் ஒரு எழுத்துகூட எழுதாமல் கேட்டுக்கொண்டே இருந்தாலும் ஒவ்வொரு முறையும் கொடுங்கள். பெற்றோர் இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள், 'வேலையே நடக்கவில்லையே' என்று. இப்போது கற்றுக்கொண்டிருப்பது எழுத்து அல்ல, கேட்பது. கத்துவதைவிடக் கேட்பது எளிது, வேகமானது, தவறாமல் பலிக்கிறது என்று அவனுக்கு உறுதிப்பட வேண்டும்.

பத்தில் எட்டு வாய்ப்பில் உங்கள் உதவி இல்லாமல் கேட்கிறான், மூன்று அமர்வு தொடர்ந்து அப்படியே என்றானதும் கொஞ்சம் கொஞ்சமாக வேலையைச் சேருங்கள். ஒரு எழுத்து எழுதியபின் அட்டை கிடைக்கும். அது நிலைத்தபின் இரண்டு, பிறகு நான்கு. கத்தல் திரும்பினால் படி பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். ஒரு படி கீழே இறங்குங்கள். கூடவே, வேலையை முடித்தால் கிடைப்பது இடைவேளையைவிட ருசியாக இருக்கட்டும். கேட்டால் கிடைப்பது அமைதியான இரண்டு நிமிடம். சொன்ன அளவு எழுதி முடித்தால் கிடைப்பது மிகவும் பிடித்த பொம்மையோடு ஐந்து நிமிடம். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் அவன் ஏன் எழுத வேண்டும்?

எஃப்சிடியில் அதிகம் நடக்கும் பிழை நேரம் தப்பிப்போவது. கத்தத் தொடங்கியபின் அட்டையை நினைவூட்டி, அவன் கொடுத்ததும் இடைவேளை தந்தால், 'முதலில் கத்து, பிறகு அட்டையைக் கொடு' என்று இரண்டும் ஒரே சங்கிலியாகிவிடும். கத்திவிட்டான் என்றால் போகாதீர்கள், திட்டாதீர்கள், பேச்சுக்கொடுக்காதீர்கள். பக்கத்தில் அமைதியாக இருங்கள், நோட்டு அங்கேயே இருக்கட்டும். ஐந்து விநாடி அளவுக்கு அமைதி வந்ததும் மிகச் சின்ன ஒன்றைக் கேளுங்கள், ஒரே ஒரு கோடு. அதைச் செய்ததும் அட்டையைக் காட்டுங்கள். அவன் மிகவும் கலங்கிவிட்டான் என்றால் திட்டத்தை மறந்துவிட்டு அவனைத் தேற்றுங்கள். ஒரு தடவை விலக்கியதால் எல்லாம் கெட்டுப்போகாது. குறித்து வைத்து, அடுத்த அமர்வை இன்னும் எளிதாகத் தொடங்குங்கள். தலையை மோதிக்கொள்வது, கடிப்பது போன்ற காயம் தரும் நடத்தை இருந்தால் வீட்டில் எக்ஸ்டிங்ஷன் எதுவும் வேண்டாம். நேரடி மேற்பார்வை தேவை.

நீங்கள் அட்டையைச் சுட்டிக்காட்டினீர்களே, அதுதான் ப்ராம்ப்ட். கையைப் பிடித்துச் செய்விப்பது, தொட்டுத் தொடங்கிவைப்பது, செய்துகாட்டுவது, சுட்டுவது, சொல்வது என்று பல அளவுகள் உண்டு. புதிதாகக் கற்பிக்கும்போது அதிக உதவியில் தொடங்கிக் குறைத்துக்கொண்டு வருவது பிழைகளைத் தவிர்க்கும். பாதி தெரிந்த ஒன்றில் குறைந்த உதவியிலிருந்து ஏறுவது நல்லது. உதவியை இப்படி விலக்குவதே ப்ராம்ப்ட் ஃபேடிங். எளிய முறை காத்திருப்பது: முதல் நாட்களில் நோட்டு வந்ததும் சுட்டுங்கள், பிறகு 2 விநாடி, பிறகு 4 விநாடி பொறுத்துச் சுட்டுங்கள். இந்தக் காத்திருப்பு அவன் கத்தத் தொடங்கும் நேரத்தைத் தாண்டக் கூடாது. கையைப் பிடித்துச் செய்விக்கும்போது அவன் இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். வாய்ச்சொல் ப்ராம்ப்ட்தான் விலக்கக் கடினமானது. "எழுது, எழுது, எழுதுடா" என்று ஐந்து தடவை சொன்னால், ஐந்தாவது வரை காத்திருக்கலாம் என்பதைத்தான் கற்றுக்கொள்வான். ஒரு தடவை சொல்லுங்கள், பொறுங்கள், பிறகு உதவுங்கள்.

பரிசைத் தேர்ந்தெடுப்பதிலும் ஊகம் வேண்டாம். ஐந்து முதல் ஏழு பொருள்களை வரிசையாக வைத்து ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். 30 விநாடி விளையாடியபின் அதை ஒதுக்கிவிட்டு, மீதியை இடம் மாற்றி அடுக்கி, மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கும் வரிசையே விருப்ப வரிசை. மேலே வந்த ஒன்றிரண்டை வேலை நேரத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். நாள் முழுதும் கையில் இருக்கும் பொம்மைக்கு மதிப்பு இறங்கிவிடும். சில நாளைக்கு ஒருமுறை திரும்பச் சோதியுங்கள். லஞ்சம் கொடுப்பதாகிவிடாதா என்று வீட்டில் யாராவது கேட்டால், நேரத்தைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். கத்திக்கொண்டிருப்பவனிடம் "நிறுத்து, இதைத் தருகிறேன்" என்பது லஞ்சம், அது கத்தலையே வலுவூட்டும். முன்கூட்டியே சொல்லி, முடித்தபின் கொடுப்பது ஒப்பந்தம்.

மேண்ட் என்ற சொல் உளவியலாளர் ஸ்கின்னர் 1957-இல் பேச்சை வகைப்படுத்தியபோது தந்தது. தனக்கு வேண்டியதைக் கேட்பது மேண்ட். பார்ப்பதைப் பெயரிடுவது டாக்ட். கேட்டதைத் திருப்பிச் சொல்வது எக்கோயிக். பிறர் பேச்சுக்குப் பேச்சால் பதில் தருவது இன்ட்ராவெர்பல். அட்டையில் உள்ள 'இடைவேளை'யை அவனால் படிக்கவோ திருப்பிச் சொல்லவோ முடிகிறது என்பதாலேயே, தேவைப்படும்போது கேட்கவும் வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தனியாகக் கற்பிக்க வேண்டியிருக்கும். டிடிடி என்று ரிப்போர்ட்டில் இருந்தால், அது ஒரு கட்டளை, ஒரு பதில், ஒரு பலன், சில விநாடி இடைவெளி என்று துண்டு துண்டாகக் கற்பிக்கும் ஒரு முறை. அதையே ஏபிஏ என்று நினைத்துவிடுபவர்கள் நிறையப் பேர். மேசையில் கற்றது வரவேற்பறையில் வராவிட்டால் கற்பித்தல் இன்னும் முடியவில்லை.

கை உதறுதல் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. டொனால்ட் பேர், மான்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லி மூவரும் 1968-இல் இந்தத் துறைக்கு ஏழு அளவுகோல்களை வகுத்தார்கள். முதலாவது, எடுத்துக்கொள்ளும் நடத்தை சம்பந்தப்பட்டவருக்கும் சமூகத்துக்கும் உண்மையில் முக்கியமானதாக இருக்க வேண்டும் என்பது. பார்ப்பவருக்கு வித்தியாசமாகத் தெரிகிறது என்பது அந்த முக்கியத்துவம் ஆகாது. உதறுவதால் அவனுக்குக் காயமா? கற்பது தடைபடுகிறதா? இரண்டும் இல்லையென்றால் அது அவன் தன்னை ஆற்றிக்கொள்ளும் வழியாகவோ மகிழ்ச்சியைக் காட்டும் வழியாகவோ இருக்கலாம். இத்தகைய அசைவுகளை அடக்கவைத்த பயிற்சிகள் தங்களை எப்படிப் பாதித்தன என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எழுதியும் பேசியும் வருகிறார்கள். இந்தத் துறையின் பழைய முறைகளும் சுத்தமானவை அல்ல: ஐவார் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் வாரம் 40 மணி நேரத் தெரபியோடு, உரத்த அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன. இன்று அப்படிச் செய்யும் இடத்தில் குழந்தையை விடாதீர்கள். உங்கள் மகன் 'வேண்டாம்' என்று விலகுவதை அந்த மையம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்றும் கேளுங்கள். நன்றாக நடக்கும் இடத்தில் அதற்குத் தெளிவான பதில் இருக்கும்.

அடுத்த சந்திப்புக்குப் போகும்போது பேஸ்லைன் எண்களையும் ஏபிசி தாளையும் எடுத்துச் செல்லுங்கள். கை உதறும் இலக்கை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இப்படி ஒன்றை எழுதச் சொல்லுங்கள்: 'எழுத்து வேலையின்போது, நினைவூட்டல் இல்லாமல், சொல்லாலோ அட்டையாலோ இடைவேளை கேட்பான், 10 வாய்ப்பில் 8 முறை, தொடர்ந்து 3 நாள், குறைந்தது இரண்டு பெரியவர்களிடம், மையத்திலும் வீட்டிலும்.' யார் அளப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வரைபடத்தைப் பார்ப்பது, இரண்டு வாரத்தில் கோடு நகராவிட்டால் எதை மாற்றுவது என்ற மூன்றையும் அதே தாளில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.